குட்டைக் கை நட்சத்திர மீன்

அன்புள்ள தோழிக்கு,

ஓசூரில் பல் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வரவேற்பறைச் சுவரில், பழுப்பேறிய தாளில், லத்தீன் பெயரோடு ஒரு நட்சத்திர மீன் படம். ஒரு கை மட்டும் குட்டை.

வேளாங்கண்ணியில் நான் வாங்கிய காய்ந்த நட்சத்திர மீன்மேல், திரும்பும் பேருந்தில் நீதானே உட்கார்ந்து கையை ஒடித்தாய்! ஒடிந்தபடியே வரைந்து உன் பிறந்தநாளுக்குக் கொடுத்தேன். நான் கையெழுத்துப் போட்ட மூலையில் இப்போது டீக்கறை.

எங்கே வாங்கியது என்று அங்கிருந்த பெண்ணே சொன்னாள்: உன் பழம்பொருள் கடையில். “ஜெர்மன்காரர் வரைஞ்சதுங்க. அவரு செத்தே நூறு வருசமாச்சாம்.”

வாயில் பஞ்சு வைத்திருந்தார்கள். தலையை மட்டும் ஆட்டினேன்.

கடை நன்றாக நடக்கிறதா? படத்துக்குப் போட்ட சட்டம் அழகாக இருந்தது. நீ தேர்ந்தெடுத்ததாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
செத்து நூறு வருடமானவள்