முள் ஏறும்போது கை வைக்காதே

கம்பம்
8.9.1989

அன்பு மகள் சொர்ணலதாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நான், அப்பா, கடையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் பதினோரு பேட்டரி எல்லோரும் இங்கே சுகம், பெங்களூரில் நீ வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாயா?

உன் கடிதம் வந்தது. நீ செய்கிற கன்வர்ட்டரில் வோல்டேஜ் ஓரிடத்தில் நிற்காமல் ஏறி இறங்கி ஆடுகிறது என்றும், மாதக் கடைசிக்குள் அது நிற்காவிட்டால் இந்த ஃபஸி லாஜிக்கை விட்டுவிட்டுப் பழைய முறையிலேயே செய் என்று புரொபசர் சொல்லிவிட்டார் என்றும் படித்ததும் அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. கொஞ்சம் குறைந்தால் கொஞ்சம் திருப்பு, ரொம்பக் குறைந்தால் ரொம்பத் திருப்பு என்று, நம் சார்ஜர் குமிழைத் திருப்பும் பக்குவத்தை மெஷினுக்குச் சொல்லித்தர நீ கேட்டபோது, மீட்டர் முள் குறைவா கூடுதலா, ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஒன்பது கட்டம் போட்டு, எதற்கு எவ்வளவு திருப்பவேண்டும் என்று நிரப்பி அனுப்பியவர் அவர்தானே. எங் கைப்பக்குவம் பெங்களூருக்குப் போகுதுல்ல என்று ஜீப் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லி வேறு வைத்திருக்கிறார்.

மகளே, சிரிக்காமல் கேள். ஏழு வருஷமாக அந்தக் குமிழைத் திருப்புவது யார்? அப்பா பேட்டரியைத் தூக்கி ஜீப்பில் மாட்டுவதோடு சரி. போன வாரம் நான் மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போன நேரம் அவர் குமிழைப் பிடித்திருக்கிறார், திராட்சைத் தோட்டத்து மோட்டாரெல்லாம் ஒன்றாக ஓடத் தொடங்கி, கரண்ட் இறங்கி முள் சரிந்திருக்கிறது. மோட்டார் வேகம் பிடித்தால் முள் தானே ஏறிவிடும், அதுவரை இவருக்குப் பொறுக்குமா, ஏறுகிற முள்ளைப் பார்த்துக்கொண்டே இன்னும் திருப்பி, குமுளிக்கு ஜீப் ஓட்டுகிற கோட்டைச்சாமியின் பேட்டரியில் ஆசிட் பொங்கி வழிந்துவிட்டது. அக்கா, நீங்க இல்லாதப்ப அண்ணன அங்கன விடாதீக என்று அவன் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

அதனால் அப்பா நிரப்பியதில் இரண்டு கட்டத்தைத் திருத்து. முள் குறைவாக இருந்தாலும் ஏறிக்கொண்டிருந்தால் குமிழைத் தொடாதே. கூடுதலாக இருந்து இறங்கிக்கொண்டிருந்தாலும் தொடாதே. சும்மா இருக்கதையும் ஒரு விதின்னு எழுதுவாகளாக்கும் என்று அப்பா முறுக்கிக்கொண்டார். நேற்று நான் குமிழருகில் சும்மா உட்கார்ந்திருக்க, கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று பார்த்தார். முள் விழுந்தது, ஏறியது, நிற்கவேண்டிய இடத்தில் நின்றது. உடனே எழுது, பிள்ள அங்கன தவிச்சுக்கிட்டிருக்கும் என்று அவரே பேனாவை எடுத்துத் தந்தார்.

ஆய்வுப் புத்தகத்தில் யாருக்கு நன்றி போட என்று கேட்டிருந்தாய். அப்பா பேரையே போடு, ஊரெல்லாம் சொல்லிவிட்டார் பாவம். அந்த இரண்டு கட்டத்தின் ஓரத்தில் மட்டும் பென்சிலால் ஒரு புள்ளி வை, உனக்கும் எனக்கும் தெரிந்தால் போதும். உன் கைகளின் வேலையைக் கர்த்தர் வாய்க்கப்பண்ணுவார். முள் நின்றதும் ஒரு கார்டு போட மறக்காதே.

இரண்டு கட்டத்துக்குச் சொந்தக்காரி,
உன் அம்மா
ஜெபராணி