அடிமரத்துப் பழம்

கொட்டச்சேடு,
ஜூன் 1986

ஹலீமாவின் அத்தாவுக்கு, ஸலாம்.

இங்கே மலையில் என் தம்பி வீட்டில் எல்லோரும் சுகம். கடையில் சரக்கு இறங்குவதால் நீங்கள் வரவில்லை என்று பஸ் கண்டக்டர் வந்து சொன்னார். போன வருடமும் சரக்குதான் இறங்கியது.

நீங்கள் வருவீர்கள் என்று, வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தில் தரையை ஒட்டிப் பழுத்திருந்த பழத்தை அறுத்துச் சுளை எடுத்து வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு முத்தாயி பார்த்துப் பதறிவிட்டாள்.

"ஏனுங்கக்கா, அடிமரத்துப் பழத்தைப் போயி அறுத்துட்டீங்களே! அது காட்டுமாட்டுக்குன்னு உடறதுங்க. மேல காய்க்கறதுதான் நமக்கு."

மறுநாள் விடிந்ததும் ஜன்னலைத் திறந்தால், பனிக்குள் ஒரு தாயும் கன்றும். தாய்க்கு எத்தனை பெரிய உடம்பு! நான்கு காலிலும் வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி இருந்தது. பழம் இருந்த இடத்தை முகர்ந்தது. பிறகு தலையைத் தூக்கி என்னையே பார்த்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. உங்களுக்கென்று மூடி வைத்திருந்த சட்டியை எடுத்து, ஜன்னல் வழியாக அத்தனை சுளையையும் கொட்டினேன். அந்தக் கன்று தின்ற அழகைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்!

அன்றிலிருந்து தினமும் ஜன்னலோரம்தான் என் காப்பி. அவை வந்தாலும் வராவிட்டாலும் காலை நேரம் நன்றாகப் போகிறது. படுத்தால் உடனே தூக்கம் வருகிறது.

நீங்கள் கடையைப் பார்த்துக்கொள்ளுங்கள், அவசரமில்லை. அடிமரத்தில் இன்னொரு பழம் வாசம் பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. அதை நான் யாருக்காகவும் அறுப்பதாக இல்லை.

உங்கள் வீட்டுக்காரி