இவருக்கு இல்லாமப் போன இடப்பக்கம்

1983 மார்ச் 6, ஞாயிறு
வெயில் கொதி. மகளுக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளை வீட்டார் நிந்தவூரிலிருந்து பகல் சாப்பாட்டுக்கு வந்தாங்க. ஆட்டிறைச்சி, கோழி, கத்தரிக்காய்ப் பால்கறி, வட்டலப்பம். எல்லாம் சரியா வந்திச்சு. என்ட மனிசன்தான் சரியா வரல்ல.

ஒரு பெரிய சஹன் தட்டைச் சுத்தி ஆறு பேர். மாப்பிள்ளைட வாப்பா ஹாஜியார் இவருக்கு இடப்பக்கம். மரியாதைக்குத் தன்ட கையால கோழித் துண்டொண்டை எடுத்து இவர்ர சோத்துல வெச்சார். இவர் தொடல்ல. ஹாஜியார் கதைச்சதுக்குப் பதிலும் இல்ல. இடப்பக்கச் சோறு அப்பிடியே கிடக்க, வலப்பக்கத்து ஆள்ர பங்குக்குள்ள கையை விட்டுச் சாப்பிட்டார்! திரைக்கு இங்கால நிண்டு பார்த்தன். வெக்கம் புடுங்கித் திண்டிச்சு.

ஹாஜியார் கை கழுவக்க சொன்னது எனக்குக் கேட்டிச்சு: "நம்மட முகத்தைப் பார்க்க விருப்பமில்லாத ஊட்ல எப்பிடிச் சம்மந்தம் வைக்கிற?"

பொறகு இவர்ட கேட்டன். "ஹாஜியாரா? அவர் வரல்லயே" எண்டார். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறார் எண்டு நெனச்சன். வாய்க்கு வந்தபடி ஏசினன்.

மார்ச் 8, செவ்வாய்
ராவு மழை. வயல்ல வெட்டிப் போட்டது நனைஞ்சிருக்கும். இவர்ர இருமலும் கூடிப் போச்சு.

வலது காலுக்கு மட்டும் செருப்பு. சேட்டுல ஒரு கை மட்டும். "மத்தச் செருப்பு எங்க?" "போட்டிரிக்கேனே." பொய்யில்ல. மெய்யாவே நம்புறார்.

ராத்தா, என்ட மூத்தவ: "ஆரோ செய்வினை செஞ்சு போட்டாங்க புள்ள. தண்ணி ஓதிக் குடு."
தம்பி: "முதல்ல ஆசுபத்திரி."
ஓதின தண்ணியும் குடுத்தன். பஸ்ஸுக்கும் ஆயத்தம்.

மார்ச் 10, வியாழன்
மட்டக்களப்பு. நெஞ்சைப் படம் எடுத்தாங்க. கண்ணுக்குள்ள லைட் அடிச்சுப் பார்த்தாங்க. டொக்டர் என்னையும் தம்பியையும் மட்டும் உள்ளுக்குக் கூப்பிட்டார்.

நெஞ்சில புற்று. அங்கிருந்து மூளைக்கும் போயிருக்காம். வலப்பக்க மூளை.

நெஞ்சு வருத்தம் எப்பிடித் தலைக்குப் போற? கேட்டன்.

"இரத்தத்தோட ஓடித் தலைக்குள்ள ஒதுங்கும். அநேகமானது செத்துப் போகும். தப்பினது மூளைட இரத்தத்தைக் குடிச்சு வளரும். சுத்தியிருக்கிற மூளை வீங்கும். அதாலதான் இப்பிடி. அவருக்குக் கண் பிழையில்ல. இடப்பக்கம் எண்டு ஒண்டு இரிக்கி எண்டே மூளைக்குத் தெரியாமப் போச்சு."

"மூளை அதை விரட்டாதா டொக்டர்?"

"விரட்டப் பார்க்கும். எப்பிடித் தோக்குது எண்டு எங்களுக்கே பாதிதான் தெரியும் அம்மா."

வேளாண்மைக்குப் பாயிற தண்ணியைக் களையும்தானே குடிக்கிற. அது வயல். இது மண்டை, யா அல்லாஹ்! அந்த மண்டையோடயா நான் ஞாயித்துக்கிழமை சண்டை புடிச்சன்!

டொக்டர் ஒரு குளிசை தந்தார். வீக்கம் வத்தும், ரெண்டு மூண்டு கிழமை நல்லா இரிப்பாராம். "வருத்தம் போகாது. செய்ய வேண்டியதைச் செஞ்சிருங்க."

பஸ்ஸுக்குள்ள யோசிச்சது:
குளிசை, சாப்பிட்ட பொறகு.
இவருக்குச் சொல்றல்ல.
மகளுக்கும் சொல்றல்ல.
ஹாஜியாருக்கு?

மார்ச் 13, ஞாயிறு
இவர்ர இடது கை பொத்தான் பூட்டிச்சு! என்னைப் பார்த்து, "என்ன, பேயைக் கண்ட மாதிரி முழிக்கிறாய்?" எண்டார். ராத்தா ஓதின தண்ணிதான் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிறா. நான் வாயைத் திறக்கல்ல.

தம்பி என்னைக் கேக்காம நிந்தவூர் போய் ஹாஜியார்ட உள்ளதைச் சொல்லிட்டான். அவர் அழுதாராம். அசர் தொழுகைக்குப் பொறகு மகனையும் கூட்டிட்டு வந்து இவரைக் கட்டிப் புடிச்சார்.

இவர் சொன்னார்: "அண்டைக்கு நீங்க வந்தீங்களாம். நான் காணல்ல. அப்பிடியெண்டா எனக்கு என்னமோ பெரிசா நடந்திரிக்கி." ஹாஜியார்ர கையைப் புடிச்சார். "பெருநாள் கழியக் கலியாணம் எண்டுதானே பேசின? வேணாம். புள்ளையை வாப்பா குடுக்கணும். குடுக்கக்க வாப்பாக்குப் புத்தி இரிக்கணும். நாளைக்கு நான் நானா இரிப்பனோ தெரியாது. பள்ளி லெப்பையைக் கூப்பிடுங்க."

இவர்ட மறைச்சு நான் எதைக் காப்பாத்தின?

மஃரிபுக்குப் பொறகு நிக்காஹ். பந்தல் இல்ல, மேளதாளம் இல்ல. மகள் போன பெருநாள் சாரியோட. இவர் மாப்பிள்ளைட கையைப் புடிச்சு, லெப்பை சொல்லச் சொல்லச் சொன்னார். ஒரு சொல் பிசகல்ல. ஹாஜியார் சால்வையால முகத்தைத் துடைச்சார். குசினிக்குள்ள போய் நல்லா அழுதன்.

மார்ச் 30, புதன்
காத்தே இல்ல. குளிசை இப்ப கேக்குதில்ல. ராவெல்லாம் தலையிடி. டொக்டர் சொன்ன மூண்டு கிழமை நாளையோட முடியுது.

காலையில தேத்தண்ணி பருக்கினன். மருமகன் பக்கத்துல இருந்து கால் அமுக்கினார்.

"மகளைக் குடுத்தாச்சா?" எண்டு இவர் கேட்டார்.

"ஓம். குடுத்தாச்சு."

"ஆர் குடுத்த?"

"நீங்கதான்."

"நானா? அல்ஹம்துலில்லாஹ்." முகமெல்லாம் சிரிப்பு. பொறகு மருமகனைப் பார்த்தார்.

"நல்ல புள்ளை. இது ஆர்ர மகன்?"