பொதுச்சுவர்

ஞாயிறு, செப்டம்பர் 14

பழைய கோட்டைக்குள், அக்ரஹாரத்தில் இருக்கும் இந்த வீட்டை விற்க ஆரம்பித்து இரண்டு வருடமாகிறது. இன்று தரகர் சசி ஒரு இளம் தம்பதியை அழைத்து வந்தார். நாகர்கோவில்காரர்கள். தெருவுக்குள் கார் வராது என்று தெரிந்தும் வந்தார்கள். அந்தப் பெண் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்துச் சிரித்தாள். நான் காபி கொண்டுவந்து கொடுத்தேன்.

அட்வான்ஸ் கைக்கு வரும்வரை சுவரைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்று சசி தன் மலையாளத்தில் முன்பே எச்சரித்திருந்தார். "மாமி, சுவர் காரியம் மிண்டண்டா, கேட்டோ. அட்வான்ஸ் கிட்டட்டும்."

அப்போது பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடித்தது. "நம்ம அடுக்களையில கேக்குற மாதிரி இருக்கே ஆன்ட்டி?" என்றாள் அவள்.

"ரெண்டு பக்கமும் பொதுச்சுவர்தாம்மா. அவா உத்தரம் நம்ம சுவர்லதான் நிக்கறது. இடிச்சுக் கட்டணும்னா அவாளும் சம்மதிக்கணும்" என்றேன்.

அவள் கணவன் முகம் மாறிவிட்டது. "காபி நல்லா இருந்துச்சு" என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு அவள் போனாள். காலையிலிருந்து நான் பேசியது இவர்களோடு மட்டும்தான்.

சாயங்காலம் பெங்களூரிலிருந்து மகன் கூப்பிட்டான். நான் சுவரைப் பற்றிச் சொன்னதை சசி அவனிடம் சொல்லியிருக்கிறார். "ஏம்மா, உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்றான். மறைத்து விற்கக்கூடாது என்றேன். அது உண்மைதான். ஆனால் அவர்கள் செருப்பு மாட்டும்போது எனக்கு நிம்மதியாக இருந்ததே, அதைச் சொல்லவில்லை.

வீடு விற்றபின் நான் எங்கே இருப்பேன் என்று அவன் இதுவரை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வான். அந்தக் கொஞ்ச நேரத்தை என்னால் தாங்க முடியாது.