ஆபரேட்டர் தாண்டிய பதினோரு நிமிடம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுகிறேன். இங்கே நான் சுகம், இடது முழங்கால் மட்டும் சுகமில்லை, படம் ஓட்ட தியேட்டர் கேபினுக்கு இருபத்திரண்டு படி ஏறி இறங்கும் வரைக்கும் அது இப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், நானும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். நீயும் மருமகளும் சின்னக்குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குட்டிக்கு இருமல் நின்றதா? அந்தக் குளிரில் காதை மூடாமல் வெளியே தூக்கிக்கொண்டு போகாதே, உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், போன மாதம் அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன், பெரிய கோட்டாகப் போட்டிருக்கிறாய், கழுத்து மட்டும் திறந்து கிடக்கிறது. மாடி வீட்டுத் தையல்காரியின் மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது, சந்தோஷத்தில் மூன்று வீட்டுக்குக் கேட்கிற மாதிரி அழுதாள். நம் சமையலறைக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. விட்டால் இப்படியே எழுதிக்கொண்டு போவேன், எழுத வேண்டியதை எழுதாமல். என் வாயைப் பற்றி உனக்குத் தெரியாதா.

புதன்கிழமை சாயங்காலம் நீ போன் பண்ணினாய் இல்லையா, அன்று காலைப் பத்திரிகையில் உன் படத்தைப் பற்றி வந்த விமர்சனத்தைப் படித்துவிட்டு. காணாமல் போன ஆளை மனைவிதான் என்னவோ செய்துவிட்டாள் என்று இரண்டு மணி நேரம் விரல் நீட்டிவிட்டு, பதில் சொல்லாமலே இயக்குநர் ஓடிவிடுகிறார் என்று அந்த விமர்சகர் எழுதியிருந்தார். அதுகூட உன்னை அவ்வளவு உறுத்தவில்லை. நீ சொன்னது வேறு. அந்தப் பதினோரு நிமிஷ ஷாட்டைப் பத்தி அவர் ஒரு வார்த்தைகூட எழுதலையேம்மா, உயிரைக் கொடுத்து எடுத்தேன், கண்ணிலேயே படலைன்னா அது படத்துக்கு வேண்டாத சதை, வெட்டித் தூக்கிட்டுத்தான் மத்த ஊர்களுக்கு அனுப்பப்போறேன் என்றாய். என் கடிதம் வரும்வரை படத்தில் கை வைக்காதே என்றேன். ஏன் என்று கேட்டாய். கரண்ட் போயிடுச்சு என்று சொல்லி வைத்துவிட்டேன். கரண்ட் போனால் போன் ஏன் நிற்கவேண்டும் என்று நீ யோசித்திருப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே நீ பரவாயில்லைம்மா என்று சொல்லிவிடுவாய், உன் குணம் அது. நீ அப்படிச் சொல்வதற்கு முன்னால் நான் முழுசும் சொல்லி முடிக்க வேண்டும், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

அதை எழுதியபோது அந்த விமர்சகர் அந்தப் பதினோரு நிமிடத்தைப் பார்த்திருக்கவே இல்லை கண்ணா. நான்தான் அதைத் தாண்டிவிட்டேன். சனிக்கிழமை மேட்னியில் அவர் நடு வரிசையில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் என்ன செய்திருப்பேனோ. ஒரு மணி நாற்பத்திரண்டாவது நிமிடத்தில் பட்டனை அழுத்தினேன், படம் ஒரு மணி ஐம்பத்து மூன்றுக்குப் போய் நின்று அங்கிருந்து ஓடியது. மெஷினே அதைக் குறித்து வைத்திருக்கிறது, அந்தத் தாளையும் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன், அம்மா உன்னைத் தேற்றுவதற்காகப் பொய் சொல்கிறாள் என்று நீ நினைத்துவிடக்கூடாது.

எப்படி இப்படிச் செய்தாய் என்று கேட்பாய். வெள்ளிக்கிழமை முதல் காட்சியில் நடந்ததைச் சொல்கிறேன். நீ கேட்டபோது நல்லா ஓடுதுடா என்று சொன்னேனே, ஓடியது, ஜனமும் பாதி ஓடியது. மீதிப் பேர் பொறுமையாகத்தான் இருந்தார்கள், காணாமல் போன அந்த ஆள் எங்கே என்று தெரிந்துகொள்ளாமல் போகக்கூடாது என்று. அப்போது உன் ஷாட் வந்தது. விடியற்காலை, ஒரு படுக்கையறை, கட்டிலில் ஒரு பெண்ணும் ஒரு பையனும், கேமரா அசையவில்லை, யாரும் பேசவில்லை. மூன்று நிமிடம் பொறுத்தார்கள். பிறகு ஒருத்தன், ஆபரேட்டர், படம் நின்னுபோச்சு, எழுந்திரு என்று கத்தினான், இன்னொருத்தன் விசில் அடித்தான், அதற்கப்புறம் கேட்கவா வேண்டும். தியேட்டர் முதலாளி மூச்சு வாங்க இருபத்திரண்டு படியும் ஏறிவந்து மெஷின் ரிப்பேரா என்று கேட்டார். இல்லைங்க, என் மகன் இப்படித்தான் எடுத்திருக்கான் என்றேன். அந்த ஆள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. ரீல் காலத்தில் இதெல்லாம் எங்களுக்கு ஒரு விஷயமே இல்லை, எந்த இடத்தில் ஜனம் எழுந்து வெளியே போகிறதோ மறுநாள் அந்த இடம் படத்தில் இருக்காது, கத்தரியும் பசையும் கையிலேயே இருக்கும். எத்தனை பேர் உழைப்பை அப்படி நறுக்கிப் பெட்டியில் போட்டிருக்கிறேன், ஒரு நாள்கூட உறுத்தியதில்லை. அந்தப் பழக்கம்தான், என் பிள்ளையைப் பார்த்து நாளைக்கும் விசில் அடிப்பார்களே என்ற பயம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சனிக்கிழமை பட்டனை அழுத்தினேன்.

இதோடு நிறுத்தியிருந்தால் நல்ல கடிதமாகத்தான் இருக்கும். நேற்று ராத்திரி இதுவரைக்கும் எழுதி மடித்தும் வைத்துவிட்டேன். காலையில் பிரித்துப் படித்தால் வெட்கமாக இருக்கிறது. விசில் அடித்தது நிஜம். ஆனால் விசிலுக்காக நான் அதைத் தாண்டவில்லை.

வெள்ளிக்கிழமை கேபின் கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். படத்தில், பக்கத்து அறையில் அந்தப் புருஷன் செருப்பைக் கையில் எடுக்கிறார், சத்தம் வராமல் இருக்க. தாழ்ப்பாள் மெதுவாக விலகுகிறது. இதெல்லாம் லேசான சத்தமாக மட்டும்தான் வருகிறது, திரையில் அந்தக் கட்டில்தான். படம் முழுக்க அந்தப் பெண், விசாரிக்க வந்த அதிகாரியிடம், பக்கத்து வீட்டுக்காரர்களிடம், எல்லோரிடமும் நான் தூங்கிட்டேன், எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். இங்கே பார்த்தால் கண் திறந்திருக்கிறது. பையன் எழுந்து ஓடப் பார்க்கிறான். அவள் கையை அவன் நெஞ்சில் போட்டு அமுக்குகிறாள். அவ்வளவுதான் பார்த்தேன். அதற்குமேல் முடியாமல் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

இருபத்தாறு வருஷமாக நான் தூங்கிட்டேன்டா, அப்பா போனது எனக்குத் தெரியாது என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். போலீசிடமும் அதையேதான் சொன்னேன், முதலாளியிடமும் அதைத்தான். அப்பா போன பத்தாம் நாள் அவர் பார்த்த ஆபரேட்டர் வேலையை முதலாளி எனக்குக் கொடுத்தபோது, புருஷனை விரட்டிவிட்டு நாற்காலியையும் பிடித்துக்கொண்டாள் என்று ஊரே பேசியது, அப்போதும் அதே பதில்தான். உனக்கு அப்போது ஒன்பது வயது. அதற்கப்புறம் ஒரு வருஷம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாய், வாடா சாப்பிட என்றால் இரும்மா வந்துடுவார் என்பாய். அப்போதுகூட நான் வாயைத் திறக்கவில்லை. நீயும் ஒரு தடவைகூட, நீ முழிச்சுக்கிட்டுத்தானேம்மா இருந்தே என்று கேட்கவில்லை. உனக்கு ஞாபகம் இருக்காது என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அந்தக் கையைத் திரையில் பார்த்ததும்தான் தெரிந்தது, எல்லாம் தெரிந்துகொண்டேதான் என் பொய்யைக் கேட்டுக்கொண்டிருந்தாய் என்று. என்னை ஊருக்கு முன்னால் நிறுத்திவிட்டானே என்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் மறுநாள் பட்டனை அழுத்தினேன். உன்னைக் காப்பாற்ற இல்லை, என்னைக் காப்பாற்றிக்கொள்ள.

நேற்று வியாழக்கிழமை, படத்துக்குக் கடைசி நாள். காலையிலேயே பத்திரிகை ஆபீசுக்குப் போன் போட்டு அந்த விமர்சகரைப் பிடித்து, நான்தான் ஆபரேட்டர், பதினோரு நிமிஷம் உங்களுக்குக் காட்டாமல் விட்டுட்டேன், பத்து மணிக்கு வந்தால் முழுசும் போடறேன் என்றேன். முதலில் நம்பவில்லை, பிறகு கத்தினார், பிறகு வந்தார். பெருக்குகிறவளை வெளியே அனுப்பிவிட்டுப் படத்தை ஓடவிட்டு, நானும் கீழே வந்து அவருக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் அந்த நாற்காலிகளில் ஒரு படம் முழுசாக நான் பார்த்ததில்லை, முதுகுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. முடிந்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். இது நான் பார்த்த படமே இல்லையேம்மா என்றார். புகழ்ந்து எழுதுவாரா என்று தெரியாது, அன்று பார்த்தது முழுப்படம் இல்லை என்று கட்டாயம் போடுவதாகச் சொன்னார். தியேட்டர் தவறு என்று போடாதீங்க, ஆபரேட்டர் தவறுன்னு போடுங்க என்றேன். முதலாளியிடமும் சொல்லிவிட்டேன், வாய்க்கு வந்தபடி திட்டினார், சாயங்காலம் டீ அனுப்பினார், சர்க்கரை இல்லை, அதுதான் அவர் கோபம்.

போகும்போது விமர்சகர் ஒன்று கேட்டார், அந்தம்மா முழிச்சுக்கிட்டுத்தானே இருக்காங்க, ஏன் அவரைக் கூப்பிடலை என்று. மெஷினை அணைக்கணும் என்று சொல்லிவிட்டு மேலே ஏறிவிட்டேன். அவருக்குச் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். உன் அப்பா கெட்டவர் இல்லை. அடித்ததில்லை, குடித்ததில்லை. பேசமாட்டார், அவ்வளவுதான். மாதக்கணக்கில் பேசமாட்டார், நான் சுவரோடும் பாத்திரத்தோடும் பேசிப் பேசித்தான் இந்த வாய் இப்படி ஆனது. உன் படத்தில் ஏன் யாருமே பேசமாட்டேன் என்கிறார்கள் என்று ஜனம் கேட்டது, எனக்குத் தெரியும், நம் வீடு அப்படித்தான் இருந்தது. அன்று விடியற்காலை நான் ஒரு குரல் கொடுத்திருந்தால் அவர் நின்றிருப்பார். செருப்பை மறுபடி கீழே வைத்துவிட்டு வந்து படுத்திருப்பார். அதனால்தான் நான் கூப்பிடவில்லை. திரும்பி வந்துவிடுவாரே என்ற பயம். எனக்கு வேண்டாத ஆளாக இருக்கலாம், உனக்கு அப்பா. உன்னைக் கேட்காமல் உன் நெஞ்சில் கையை வைத்து அமுக்கிவிட்டேன். அதற்கு என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் கேட்கவேண்டும். வெள்ளிக்கிழமை நான் பாதியில் எழுந்துபோனேன், சனிக்கிழமையிலிருந்து தாண்டிக்கொண்டே இருந்தேன், நேற்றுத்தான் மீதியைப் பார்த்தேன். பத்தாவது நிமிடத்தில், வெளிச்சம் கட்டில் கால் வரைக்கும் வந்த பிறகு, அந்தப் பையனின் கை மெல்ல வந்து அவள் கைமேல் உட்கார்கிறது. விலக்கிவிடப் போகிறான் என்று நினைத்தேன். விலக்கவில்லை, பிடித்துக்கொள்கிறான். அன்றைக்கு நீ அப்படிச் செய்தாயா கண்ணா, இல்லை படத்துக்காக வைத்தாயா? எனக்கு ஞாபகம் இல்லை. எனக்குக் கதவுச் சத்தம்தான் ஞாபகம் இருக்கிறது. எதுவாக இருந்தாலும் ஒரு வரி எழுது, போனில் சொல்லாதே.

அந்த ஷாட்டை வெட்டாதே. விசில் அடித்தால் அடிக்கட்டும், நான் கேபினில் இருந்துகொண்டு கேட்டுக்கொள்கிறேன். நீயும் மருமகளும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வயது வாழவேண்டும், உன் வீட்டில் எப்போதும் பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். கழுத்தை மூடிக்கொள், மறக்காதே.

இப்படிக்கு,
அன்று தூங்காமல் இருந்த
உன் அம்மா