குணாவின் காலில் நான் போட்ட கட்டு

1957 பிப்ரவரி 11, திங்கள்

காலையில் பனி. தோல் பதனிடும் டேனரிக்குப் பத்து நிமிடம் தாமதம். தலைமைக் குமாஸ்தா கடிகாரத்தைப் பார்த்தார்.

கல்லூரியிலிருந்து கடிதம், பி.டி. மாஸ்டர் கையெழுத்து. ஞாயிறு மாலை வேலூரில் குணசேகரன் நினைவுப் பந்தயம். குணாவோடு மூன்று வருடம் ஒரே விடுதி அறை, அவன் ஆடிய ஃபுட்பால் அணியின் கோல்கீப்பர், ஆகவே நான் பேச வேண்டுமாம். அவன் அம்மாவைக் குடியாத்தத்திலிருந்து நானே அழைத்து வர வேண்டுமாம்.

வாங்க: பிளேடு, நீல மை, அப்பாவுக்கு மூக்குப்பொடி.

பேச: ஹாக்கியில் சென்டர் ஃபார்வர்டு. ஃபுட்பாலில் லெஃப்ட் அவுட். இரண்டுக்கும் காப்டன். தோற்றால் பேச மாட்டான், ஜெயித்தால் பேச்சை நிறுத்த மாட்டான். வயது இருபத்தொன்று. எப்படிப் போனான் என்பது வேண்டாம்.

பிப்ரவரி 12, செவ்வாய்

தோலில் ஒட்டிய சதையைச் சீவும் கத்தி வழுக்கி, தொழிலாளி முனுசாமிக்கு முன்கையில் வெட்டு. அப்பாதானே மேஸ்திரி, வழக்கம்போல் ஆவாரம்பட்டைத் தூளை ஒரு பிடி அள்ளி வைத்து இறுக்கிக் கட்டினார். ஆட்டுத் தோலைப் பதப்படுத்தும் பட்டை, மனுஷத் தோலையும் இழுத்து மூடிவிடும். ஆம்பூரில் டேனரிக்காரன் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் அதுதான் மருந்து. எனக்கும்.

புது கம்பவுண்டர் ஓடி வந்து கட்டை அவிழ்த்தார். "இன்னா மேஸ்திரி, அழுக்க உள்ள வச்சு மூடுறீங்க. ரணஜன்னி வந்தா தாடை பூட்டிக்கும். ஆளு போய்டுவான்."

அப்பா சிரித்தார். நேற்று வந்த பையன் சொல்கிறான் பார் என்றார்.

மதியம் கம்பவுண்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். ஆணி குத்தினால்தானே அந்த டெட்டனஸ் வரும்? அதிலும் வரும், அழுக்கோடு மூடிய காயத்தில் ஜாஸ்தி வரும் என்றார். யாருக்காகக் கேட்கிறீர்கள் என்றார். சும்மா என்றேன்.

பிப்ரவரி 13, புதன்

இந்த டைரியில் மட்டுமாவது எழுதிவிடுகிறேன்.

போன வருடம், இதே மாதம். ஒரே நாளில் இரண்டு பந்தயம். காலையில் ஹாக்கி, கோட்டைப் பக்கத்து மைதானம். ஓரத்தில் எப்போதும் ஜட்கா வண்டிகள் நிற்கும், தரையெல்லாம் குதிரைச் சாணி. குணா விழுந்ததில் கண்ணாடிச் சில்லு முழங்காலுக்குக் கீழே ஆழமாகக் கிழித்துவிட்டது. மாலையில் ஃபுட்பால் இறுதிப் பந்தயம்.

"இன்னிக்கு என்னால ஆவாதுடா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றான். அவன்தான் சொன்னான். நான்தான் கேட்கவில்லை. அவன் இல்லாவிட்டால் எத்தனை கோல் வாங்குவேன் என்ற பயம் எனக்கு. என் பெட்டியில் அப்பா கொடுத்தனுப்பிய பட்டைத்தூள் இருந்தது. காயத்தைக் கழுவக்கூட இல்லை. அடைத்துக் கட்டினேன்.

இரண்டு கோல் போட்டான். ஜெயித்தோம். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினான், அந்தக் காலோடு.

நாலு நாளில் காயம் மூடிவிட்டது. எனக்குப் பெருமை வேறு. எட்டாம் நாள் இட்லியை மெல்ல முடியவில்லை என்றான். பத்தாம் நாள் ஆஸ்பத்திரியில் உடம்பு வில்லாக வளைந்தது. டாக்டர் தழும்பைத் தொட்டு, இதில் என்ன வைத்தீர்கள் என்று என்னைக் கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். அப்போது குணாவின் அம்மா, முந்தின ஞாயிறு வீட்டுக்கு வந்தவன் நெசவுத் தறிக்குழியில் ஆணியை மிதித்தான் என்று சொல்லி அழுதார். டாக்டர் ஆணி என்று எழுதிக்கொண்டார். நானும் பிடித்துக்கொண்டேன் அந்த ஆணியை. ஒரு வருடமாக.

பிப்ரவரி 14, வியாழன்

வேலையில் இரண்டு தப்பு. திட்டு.

காய்ச்சல் என்று பி.டி. மாஸ்டருக்குத் தந்தி அடிக்கலாம். அடிக்கவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். நெடுநேரம் தன் கையையே பார்த்தார். பிறகு, போனவன் போய்ட்டான், நீ வாயைத் திறந்து, உயிரோடு இருக்கிற அவன் அம்மாவைக் கொல்லாதே என்றார். எழுந்து போய்விட்டார். அவர் சொல்வது சரியாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

கடவுளே, என்னை எங்கேயாவது கொண்டுபோய் விடு.

பிப்ரவரி 16, சனி

அரை நாள் லீவு. குடியாத்தம் பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம்.

வாசலில் செருப்பைக் கழற்றப் போனேன். "கழட்டாதப்பா, போட்னே உள்ள வா" என்றார் குணாவின் அம்மா. எல்லோருக்கும் அப்படித்தானாம். தறியைப் பிரித்து விற்றுவிட்டார். வீட்டில் ஒரு ஆணி கிடையாது, எல்லாம் பிடுங்கியாயிற்று. சட்டைகள் மூலையில் குவியலாக. காலண்டர் தரையில். குணாவின் படமும் தரையில், சுவரில் சாய்த்து. அடுத்த வீட்டில் கூலிக்கு நூல் சுற்றுகிறார். பெற்ற பிள்ளையை வீட்டுக்குள்ளேயே ஆணி வைத்துக் கொன்றவள் நான், மைதானத்துக்கு எந்த முகத்தோடு வருவேன் என்றார்.

அதற்கு மேல் தாங்கவில்லை. சொன்னேன். சாணித் தரை, அவன் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றது, பட்டைத்தூள், டாக்டரிடம் சொன்ன பொய். ஒன்றையும் விடவில்லை. காலில் விழுந்தேன். அவர் காலை நகர்த்தவும் இல்லை.

"அப்ப ஆணி இல்லியா?"

இல்லைம்மா என்றேன். திரும்பவும் கேட்டார். திரும்பவும் சொன்னேன். எழுந்து வெளியே போனார். பக்கத்து வீட்டில் யாரிடமோ, என் வூட்டு ஆணி இல்லியாம், என் வூட்டு ஆணி இல்லியாம் என்று சொல்வது கேட்டது. சிரித்தாரா அழுதாரா, தெரியவில்லை.

திரும்பி வந்து படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நாளைக்கு வருவாராம். தனியாக வந்துகொள்வாராம், நான் அழைக்க வர வேண்டாம். என்னை அடியுங்கள் என்றேன்.

"மனசு இப்பதான் லேசா கீது. உன் மேல கோவம் இன்னும் வரல. வந்துடும். அதுக்குள்ள போய்டுப்பா."