பாட்டும் சண்டையும் இல்லாத ரீல்

என் எஸ்தரக்காவுக்கு,

அழுதுகொண்டே எழுதுவேன் என்று நினைத்திருப்பாய். இல்லை, வயிறு எரிந்துகொண்டு எழுதுகிறேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாளும் உன்னை நினைத்தால் அழுகைதான் வரும். போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பல்லைக் கடிக்கத்தான் வருகிறது. உன் மேலும் கோபம்தான், அதற்கும் வருகிறேன்.

நம் தொடர்கதை படமாக வந்துவிட்டது அக்கா. பாளையங்கோட்டையில் பத்திரிகை வரும் நாளில் யார் முதலில் படிப்பது என்று நீயும் நானும் அடித்துக்கொள்வோமே, அந்த மரகதத்தின் கதை. வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பழைய காலண்டர் அட்டை வைத்து நீயே தைத்தாய். கல்யாணமாகிப் போனபோதும் கொண்டுபோனாய். அந்த வீட்டை விட்டுச் சிகந்தராபாத்துக்கு வந்து இறங்கியபோதும் உன் பெட்டியில் இரண்டு மூன்று புடவையும் அதுவும்தான் இருந்தன.

இங்கே தமிழ்ப்படம் பார்ப்பது எப்படி என்று உனக்குத் தெரியும். தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் மெட்ராஸிலிருந்து படப்பெட்டி வரவழைத்து, ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஒரே ஒரு காட்சி போடுவார்கள். பன்னிரண்டு மணிக்கு இந்திப்படம், அதற்குள் நாம் இடத்தைக் காலி செய்ய வேண்டும். நீ இருந்தவரை ஆராதனையை விட்டுவிட்டு சினிமாவா என்று என்னை முறைப்பாய். இப்போது முறைக்க ஆள் இல்லாததால் நிறையப் பார்க்கிறேன், ஒன்றும் உருப்படியில்லை. போன மாதம் ஒரு படத்தில் கதாநாயகன் கல்லூரி மாணவன், அவன் தொப்பைக்கே தனியாக ஒரு டிக்கெட் வாங்கலாம். அதற்கு முன்னால் ஒரு சிறுகதையைப் படமாக எடுத்திருந்தார்கள். நாலு பக்கக் கதையில் எட்டுப் பாட்டு. எழுதினவர் தியேட்டருக்கு வந்திருந்தால் தன் கதை என்றே கண்டுபிடித்திருக்க மாட்டார்.

ஆனால் நம் கதை வருகிறது என்றதும் உன் மகளைக் கையோடு இழுத்துக்கொண்டு போனேன். அதற்குக் காரணம் உண்டு.

போலாரம் கல்லறைத் தோட்டத்தில் உனக்குக் கல் வைக்க வேண்டும். என்ன வெட்டுவது என்று கேட்டுக் கல்வெட்டுகிறவர் ஆள் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். 'அன்புத் தாய்' என்று போடலாமா என்று ஷீலாவைக் கேட்டேன்.

"நக்கோ, வேணாம் சித்தி. பேரு, தேதி போதும்" என்றாள்.

"ஏம்மா?"

"அஞ்சு வயசுல என்னை விட்டுட்டுப் போனாங்க. ரெண்டு வருஷம் அந்த வீட்டுல ஒவ்வொரு பஸ்ஸா பார்த்துட்டு நின்னேன். அப்புறம் வந்து கூட்டிட்டுப் போனாங்க, ஹவ், அது உண்மைதான். நல்லாத்தான் வளர்த்தாங்க. ஆனா ஏன் போனீங்கன்னு கேட்டா பதில் சொல்லல. அதைக் கல்லுல எப்படிப் பொய்யா எழுதறது?"

இதுதான் உன் மேல் எனக்குள்ள கோபம். அவள் கேட்டபோதெல்லாம் என்ன சொன்னாய்? "பெரியவளானதும் அந்தக் கதையைப் படி, எல்லாம் அதுல இருக்கு" என்றாய். சொன்ன கையோடு கான்வென்ட்டில் சேர்த்தாய். இரண்டாம் மொழிக்குத் தெலுங்கு எடுக்க வைத்தாய், இங்கேயே வேலை கிடைக்க வேண்டும் என்று. பிள்ளைக்குத் தமிழில் அவள் பெயரைக்கூட எழுத வராது. அவள் எதைப் படிப்பாள் அக்கா? நீ வேலை பார்த்த தொழிற்சாலை ஸ்டோர்ஸில் ஒரு ஆணி குறைந்தாலும் மேலதிகாரியிடம் போய் நிற்பாயாமே. சொந்த மகளிடம் வாயைத் திறக்க உனக்கு என்ன வந்தது?

என்னையும் திறக்கவிடவில்லை. அப்பனைப் பற்றிப் பிள்ளை மனதில் கசப்பை ஊற்றக் கூடாது என்று வேதத்தின் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டாய். படிக்கத்தான் தெரியாது, பார்க்கத் தெரியுமே, நீ சொல்லாததைப் படம் சொல்லட்டும் என்றுதான் அவளைக் கூட்டிப்போனேன்.

படம் எப்படி என்று கேட்பாய். மரகதம் கறுப்பு என்று கதையில் பத்து இடத்தில் வருமே, இங்கே வந்தவள் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தாள். பாத்திரம் தேய்க்கும்போது பட்டுப்புடவை. அடிபட்ட மறுநாள் ஒரு கனவுப்பாட்டு, அதில் பனிமலை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்தப் பெண்ணின் கை நன்றாக நடித்தது. புருஷன் உள்ளே வரும்போதெல்லாம் அவள் கை தானாகப் போய்ப் பிள்ளையின் தலையில் உட்காரும். அதைப் பார்த்ததும் மற்றதையெல்லாம் மன்னித்துவிடலாம் என்று தோன்றியது.

அப்போதுதான் வந்தது. மரகதம் அடுப்படிக்குள் போகிறாள், அங்கே நாத்தனார் நிற்கிறாள். அந்த அத்தியாயம் நமக்கு மனப்பாடம் இல்லையா? பிள்ளையை ஏன் விட்டுவிட்டுப் போகிறேன் என்று அவள் நாத்தனாரிடம் சொல்வாளே, அந்த இடம். ஷீலாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். திரையில் ஒரு வெள்ளைக் கீறல் ஓடியது. அடுத்த நொடி மரகதம் டில்லி ஸ்டேஷனில் நிற்கிறாள், காதோரம் நரை.

பிள்ளை எங்கே, நாத்தனார் எங்கே, ஒன்றும் இல்லை. ஒரு தாய் அடுப்படிக்குள் போனாள், நரைத்த தலையோடு வெளியே வந்தாள். கடைசியில் அவள் புருஷன் காலில் விழுகிறாள், சனங்கள் கை தட்டுகிறார்கள். கதையில் யாரும் யார் காலிலும் விழவில்லை, அது வேறு எரிச்சல்.

விளக்குப் போட்டதும் ஷீலா என் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள். "பார்த்தீங்களா சித்தி, காரணமே இல்ல. சும்மா போயிட்டா. அம்மாவுக்கு ஏன் இந்தக் கதை பிடிச்சதுன்னு இப்பப் புரியுது."

அவளை அங்கேயே நிறுத்திவிட்டு மாடிப்படி ஏறி ஆபரேட்டர் அறைக்குப் போனேன். அவர் இந்திப்படப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். நடுவில் படம் குதித்ததே என்றேன். "க்யா கர்னா அம்மா, பாரா பஜே கா ஷோ ஹை. ஒக்க ரீலு நிக்கால் தியே" என்று, பன்னிரண்டு மணிக் காட்சிக்காக ஒரு ரீலை எடுத்துவிட்டதைச் சாவகாசமாகச் சொல்லித் தரையைக் காட்டினார். அந்த ரீல் இருந்த தகர டப்பா அங்கே கிடந்தது. அதன் மேல் டீ கிளாஸ் வைத்திருந்தார்கள்.

சங்கத்துச் செயலாளரும் அங்கேதான் இருந்தார். சனிக்கிழமை பெட்டி வந்ததும் இவரும் ஆபரேட்டரும் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்து, நேரத்துக்குள் முடியாது என்றால் ஒரு ரீலைக் கழித்துவிடுவார்கள். ஊரறிந்த விஷயம்தான். இந்த ஊர்த் தமிழர்கள் எந்தப் படத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை, ஆனாலும் எல்லாப் படத்துக்கும் அபிப்பிராயம் சொல்லுவோம். இதுவரை அது எனக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது.

"இதை ஏன் எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"பாட்டை எடுத்தா சனங்க சீட்டைக் கிழிக்கிறாங்க. சண்டையை எடுத்தா பசங்க கத்துறாங்க. இதுல ஒண்ணுமில்லம்மா. ரெண்டு பொம்பளைங்க அடுப்படியில நின்னு பேசிட்டே இருக்காங்க. அதான் எடுத்தோம்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. உன் அடக்கத்துக்கு வந்து கடைசிவரை நின்றவர். அவர் மனதாரச் சொன்னதுதான் என்னை இன்னும் வேக வைத்தது. என்ன பேசுகிறார்கள் என்று கேட்டீரா என்றேன். எங்கே கேட்டேன், நேரத்தைத்தான் பார்த்தேன் என்றார். அந்த ஒரு ரீலை மட்டும் என் மகளுக்கு ஓட்டிக் காட்டுங்கள் என்று கெஞ்சினேன், கத்தினேன், சங்கத்திலிருந்து பெயரை எடுத்துவிடுவேன் என்று மிரட்டினேன். பன்னிரண்டு மணிக் கூட்டம் வாசலை இடித்துக்கொண்டிருந்தது. இந்திப்படம் முடிவதற்குள் மெட்ராஸ் ரயிலுக்குப் பெட்டி போயாக வேண்டுமாம்.

"ஒரு ரீலுதானேம்மா" என்றார் செயலாளர்.

ஷீலாவோடு திருமுல்கேரி பஸ்ஸில் திரும்பினேன். வீட்டுக்கு வந்து கறிச்சட்டியை அடுப்பில் வைத்த வேகத்தில் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார். ஷீலா வந்து அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டாள்.

"ஏன் சித்தி பாத்திரத்தைப் போட்டு உடைக்கிறீங்க? அப்படி என்னதான் இருந்தது அந்த ரீல்ல?"

அக்கா, உன் சத்தியத்தை நான் உடைத்துவிட்டேன். தைரியமிருந்தால் பரலோகத்திலிருந்து இறங்கி வந்து கேள்.

"ரீல்ல என்ன இருந்துச்சோ எனக்குத் தெரியாது. உங்கப்பா வீட்டு அடுப்படியில என்ன நடந்துச்சுன்னு சொல்லுதேன், கேளு" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு நான் உன்னைப் பார்க்க வந்திருந்ததை, அத்தான் முறுக்கியதில் உன் விரல்கள் வீங்கிக் கிடந்ததை, பெட்டியை விறகுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்ததை. பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போ என்று நான் அழுததற்கு நீ சொன்ன பதிலை, நீ சொன்ன மாதிரியே சொன்னேன்.

"ஏட்டி, நான் தனியாப் போனா சனியன் தொலஞ்சுதுன்னு விட்டுருவாங்க. பிள்ளையத் தூக்கிட்டுப் போனா ராத்திரியே வண்டி கட்டித் தேடி வந்து ரெண்டு பேரையும் இழுத்துட்டுப் போவாங்க. அப்புறம் நான் எந்தக் காலத்துலயும் வெளிய வர முடியாது, அவளும் வர முடியாது. ஒரு வேலை, ஒரு வீடு. அது கெடச்ச அன்னைக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்."

கறி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது, நான் இறக்கவில்லை.

"போறதுக்கு முன்னால உனக்குத் தலை பின்னினா. வீங்கின விரலோட பின்னினா. 'நான் போனா இந்த வீட்டுல யாரும் ரெண்டு நாளைக்கு இவ தலையத் தொட மாட்டாங்க, கலையாம இருக்கட்டும்'னு சொல்லிச் சொல்லி இறுக்கினா."

அவள் கை மெதுவாக மேலே போய்த் தன் தலையைத் தொட்டது. கழுத்தோடு வெட்டிவிட்ட முடிதான் இப்போது.

"வலிச்சது சித்தி" என்றாள். "அந்தப் பின்னல் ரொம்ப வலிச்சது. அம்மாவுக்கு என் மேல கோபம், அதான் அப்படி இழுக்கறாங்கன்னு நெனச்சேன். இத்தனை வருஷமா அப்படித்தான் நெனச்சேன்."

பிறகு நாங்கள் இரண்டு பேரும் அடுப்படியிலேயே இருந்தோம். பாட்டு இல்லை, சண்டையும் இல்லை. பேசிக்கொண்டே இருந்தோம். சட்டி கருகிவிட்டது, என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகத் தயிர்சோறு சாப்பிட்டார்.

நேற்று ஷீலா என் முன்னால் ஒரு காகிதத்தை நீட்டினாள். "'ஷீலாவின் அம்மா'ன்னு தமிழ்ல எழுதிக் குடுங்க சித்தி. கல்லுக்காரர்கிட்ட நானே போறேன்." எழுதிக்கொடுத்தேன். அவளுக்குப் படிக்க வராதே, தப்பாக வெட்டிவிட்டால் தெரியாதே என்று நானும் கிளம்பினேன். நக்கோ என்றுவிட்டாள்.

என் கோபம் ஆறவில்லை. உன் மேல் உள்ளதும் ஆறவில்லை. நீ சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை உன் மடியில் படுத்து இதைக் கேட்டிருக்கும். என் கருகின சட்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்டிருக்க வேண்டாம்.

இந்தக் கடிதத்தைச் சங்கத்து ஆண்டு மலருக்குத்தான் கொடுக்கிறேன். ஆசிரியர் அதே செயலாளர்தான். நீளமாக இருக்கிறது என்று நடுவில் ஒரு பக்கத்தை உருவினால் நடப்பது வேறு, இதை அவரும் படிக்கட்டும்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன் அக்கா. இனிமேல் சனிக்கிழமை பெட்டி வந்து இறங்கும்போது ஆபரேட்டர் அறையில் மூன்றாவது நாற்காலி என்னுடையது. தொப்பைக்காரன் ஆடுகிற பாட்டை அவர்கள் எடுக்கட்டும். அடுப்படியில் இரண்டு பெண்கள் பேசுகிற இடத்தில் கை வைத்தால் அந்த டப்பாவின் மேல் நானே ஏறி உட்காருவேன்.

உன் சத்தியத்தை உடைத்தவளும், உன் கூடப் பிறந்தவளுமான
கிரேஸ்